கிளூனி: உடைந்த கற்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கிளூனி பிரான்சில் ஒரு பழைய துறவிமட ஊர். பாரிஸில் டிஜிவி அதிவேக ரயில் ஏறினால் மாகோன்-லோஷே நிலையம். அங்கிருந்து கிளூனிக்குப் பேருந்து. ஊருக்குள் போய்ப் பெரிய கோயிலைத் தேட வேண்டாம், அது இல்லை. 1088இல் கட்டத் தொடங்கிய துறவிமடத் தேவாலயம் 187 மீட்டர் நீளம். ரோமில் புனித பேதுரு பேராலயம் புதிதாக எழும்பும்வரை கிறிஸ்தவ உலகில் இதைவிடப் பெரிது கிடையாது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1798இல் விற்றார்கள். 1823வரை கல் கல்லாகப் பெயர்த்தெடுத்தார்கள். மிஞ்சியதில் முக்கியமானது தெற்குப் பக்கச் சிறகும் அதன்மேல் நிற்கும் எண்கோணக் கோபுரமும்.

முதலில் ஜான் த பூர்போன் மாளிகையிலுள்ள அருங்காட்சியகத்துக்குப் போங்கள். தேவாலயத்தின் மேற்கு வாயிலை 1810இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1928 முதல் அமெரிக்க ஆய்வாளர் கென்னத் கோனன்ட் தோண்டியதில் அதன் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. பார்வைக்கு வைத்திருப்பது கொஞ்சம்தான். ஆயிரக்கணக்கில் கிடங்கில் கிடக்கின்றன. உடை மடிப்புகளின் பள்ளங்களைக் கவனியுங்கள், பழைய வண்ணம் அங்கேதான் ஒட்டியிருக்கும். தோண்டியெடுத்த கல்லைத் தேய்த்துக் கழுவக் கூடாது என்பது இதனால்தான்.

கிடங்கு வேலை லேசானதல்ல. ஒரு முழம்கூட இல்லாத, 30 செ.மீ. கனசதுரச் சுண்ணாம்புக்கல்லே 65 கிலோ வரும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் விளிம்பு உதிரும். பலகைத் தட்டில் மெத்தை விரித்துத்தான் வைக்க வேண்டும். எண்ணைக் கல்லில் நேரடியாக எழுதினால் மை உள்ளே இறங்கிவிடும். அசிட்டோனில் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் ஒரு பூச்சு, அதன்மேல் எண், மேலே இன்னொரு பூச்சு. ஈரப்பதம் ஏறி இறங்கினால் கல்லுக்குள்ளிருக்கும் உப்பு பூத்து மேல்தோலை உரித்துத் தள்ளும். பழைய இரும்பு முளை உள்ளே இருந்தால் துருப்பிடித்துப் பருத்துக் கல்லையே பிளக்கும்.

எந்தத் துண்டு எதோடு சேரும் என்பதைச் செதுக்கிய முன்பக்கம் சொல்லாது. உடைந்த பரப்பு, பின்புற உளித் தடம், ஒட்டியிருக்கும் சாந்து, கல்வரிசையின் உயரம் இவைதான் சொல்லும். இப்போது முப்பரிமாணப் பதிவெடுத்துக் கணினியில் பொருத்திப் பார்க்கிறார்கள். கனத்த கல்லை அடிக்கடி நகர்த்தினால் உடைந்த விளிம்பு மழுங்கி, அப்புறம் எதுவும் பொருந்தாது.

அடுத்து மடத்து வளாகத்திலுள்ள 13ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம். தேவாலயக் கருவறைத் தூண்களின் போதிகைகள், அதாவது தூணின் தலைக்கற்கள், அதன் மேல்மாடியில். இசையின் சுரமுறைகளைக் காட்டும் போதிகையில் நரம்புக்கருவி மீட்டுபவரைச் சுற்றிச் செதுக்கிய லத்தீன் வரியைப் படித்துப் பாருங்கள். விழுந்ததில் மூலைகள் நொறுங்கிப்போயின, இருந்தும் இலை வேலைப்பாட்டின் கூர்மை அசரவைக்கும். இவை 1090களைச் சேர்ந்தவையா, அதற்கும் கால் நூற்றாண்டு பிந்தியவையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

மேற்கு வாயிலில் இருந்த புனித பேதுரு சிற்பத்தை இங்கே தேடாதீர்கள். அவர் அமெரிக்காவில், ப்ராவிடென்ஸ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறார்.