டர்பனிலிருந்து கிரெனோபிளுக்குப் படிகம் அனுப்பிய அனுபவம்

போன வாரம்தான் எங்கள் நொதியின் வடிவம் கைக்கு வந்தது. இரண்டரை வருட வேலை. அதில் ஏழு மாதம், கூரியர் படிவத்தில் நான் எழுதிய இரண்டு சொற்களால் போனது. தென்னாப்பிரிக்காவிலிருந்து புரதப் படிகம் அனுப்பப்போகிற வேறு யாருக்கும் இப்படி ஆகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நொதியின் பெயர் பிளா-சி. காசநோய்க் கிருமியின் பீட்டா-லாக்டமேஸ், அதாவது பெனிசிலின் வகை மருந்துகளை உடைக்கும் நொதி. பெனிசிலின் வகை மருந்துகளின் உயிர் ஒரு நான்கு மூலை வளையத்தில் இருக்கிறது. நொதியின் 70-வது அமினோ அமிலமான செரீன் அந்த வளையத்தை உடைத்து மருந்தைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்து, 166-வது குளூட்டமேட் ஒரு நீர் மூலக்கூறைத் தூண்டிவிடும். அந்த நீர் வந்து ஒட்டைப் பிரித்துவிடும். உடைந்த மருந்து வெளியே போகும், நொதி அடுத்ததற்குத் தயாராக நிற்கும். அந்தக் குளூட்டமேட்டை அலனினாக மாற்றிவிட்டால் இரண்டாவது படி ஏறக்குறைய நின்றுபோகும். மருந்து செரீனில் மாட்டிக்கொண்டு இருக்கிற அந்த நிலையைப் படமாகப் பிடிப்பதுதான் என் வேலை. (புதிதாக வருபவர்களுக்கு: 70, 166 என்பதெல்லாம் ஆம்பிளர் எண்கள், இந்த வகை நொதிகளுக்கெல்லாம் பொதுவான எண்வரிசை. உங்கள் வரிசையின் முதல் அமினோ அமிலத்திலிருந்து விரல் விட்டு எண்ணிப் போய், மரபணுவை மாற்றத் தேவையான பிரைமர் என்ற குட்டி டிஎன்ஏவை ஆர்டர் செய்யாதீர்கள்.)

இந்த ஊரில் காசநோய் வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில்தான் துகேலா ஃபெரி என்ற ஊர் இருக்கிறது. ஏறக்குறைய எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் அங்கே இறந்ததாக 2006-ல் வெளிவந்தது. மதுரையிலிருந்து வந்து நான் குடியிருப்பது சாட்ஸ்வர்த்தில், ஒரு தமிழ்க் குடும்பத்தின் பின்கட்டில். வீட்டுக்கார ஆயாவின் சின்ன மகன் மருந்துக்கு அடங்காத டிபியோடு ஒன்றரை வருடம் மாத்திரை தின்றவர். பிழைத்துவிட்டார், ஆனால் ஒரு காது கேட்காது. பெனிசிலினுக்கு உறவான மெரோபெனம் என்ற மருந்தும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்தால் அப்படிப்பட்ட கிருமியையும் ஆய்வகத்தில் கொல்ல முடிகிறது என்று 2009-ல் காட்டினார்கள். கிளாவுலானிக் அமிலம் செய்வது இந்த பிளா-சியை முடக்குவதுதான். அதைப் படித்துவிட்டுத்தான் இந்த நொதியைக் கையில் எடுத்தேன்.

புரதம் தயாரிப்பில் சொல்ல ஒன்றுமில்லை. ஈ.கோலை என்ற பாக்டீரியாவில் வளர்த்து, நிக்கல் நிரப்பிய குழாயில் பிரித்து, சுத்தம் செய்தாயிற்று. படிகமும் வந்தது, அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில். ஆனால் மின்வெட்டு பாடாய்ப் படுத்தியது. கரண்ட் போய் இரண்டு மணி நேரத்தில் 18 டிகிரியில் இருக்க வேண்டிய இன்குபேட்டர் 26-க்கு ஏறிவிடும். முதல் தட்டில் இருந்த படிகங்கள் எல்லாம் விளிம்பு கரைந்து உருண்டையாகிவிட்டன. அப்புறம் தட்டுகளைத் தெர்மோகோல் பெட்டியில், தண்ணீர் பாட்டில்களுக்கு நடுவே வைத்து, அந்தப் பெட்டியை இன்குபேட்டருக்குள் வைத்தேன். வெப்பம் அரை டிகிரிக்கு மேல் ஆடவில்லை. செலவே இல்லாத வழி. மின்வெட்டு உள்ள ஊரில் இருப்பவர்கள் முதல் நாளே செய்துவிடுங்கள்.

சரி, முக்கியமான கதைக்கு வருகிறேன். புரதத்தின் வடிவத்தைக் காண, அதன் படிகத்தின் மேல் வலுவான எக்ஸ்-கதிரைப் பாய்ச்ச வேண்டும். அதைத் தரும் பெரிய இயந்திரம்தான் சின்க்ரோட்ரான். ஆப்பிரிக்கக் கண்டத்தில் எங்கேயும் அது கிடையாது. பிரான்ஸின் கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரானோடு தென்னாப்பிரிக்காவுக்கு 2013 முதல் ஒப்பந்தம் இருப்பதால் விண்ணப்பித்து நேரம் வாங்கலாம். படிகங்களைக் குட்டி வளையங்களில் எடுத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, டிரை ஷிப்பர் என்ற குளிர்ப்பெட்டியில் அனுப்ப வேண்டும். அதன் உள்சுவர் நைட்ரஜனை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கவிழ்ந்தாலும் சிந்தாது. எங்களுடையது நிமிர்ந்து நின்றால் பத்து நாள் தாங்கும். படுக்கப் போட்டால் அதில் பாதிகூடத் தாங்காது.

32 படிகங்கள். ஒவ்வொன்றையும் மருந்துக் கரைசலில் ஊறவைத்து, கிளிசரால் சேர்த்து, உறையவைத்து, இரண்டு பக்குகளில் (வளையங்களைச் செருகும் வட்டத் தட்டுகள்) அடுக்க மூன்று இரவு ஆனது. கூரியர் படிவத்தில் ‘பொருளின் மூலம்’ என்ற கட்டத்தில் நேர்மையாக எழுதினேன்: மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ். அந்த இரண்டு சொற்கள்தான்.

மூன்றாம் நாள் போன் வந்தது. பெட்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். டிபி கிருமியை விமானத்தில் ஏற்ற முடியாது என்றார் அந்த ஊழியர். கிருமி இல்லை, புரதம் மட்டும்தான், அதுவும் வேறு பாக்டீரியாவில் செய்தது என்றேன். “படிவத்தில் டிபி என்று இருக்கிறது, மேடம்” என்றார். எத்தனை முறை விளக்கினாலும் அதே பதில். அடுத்த வரியில் ‘உயிருள்ள எதுவும் இல்லை’ என்று நான் எழுதியிருந்ததை அவர் படிக்கவே இல்லை. பேராசிரியரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு கிங் ஷாகா விமான நிலையச் சரக்குப் பிரிவுக்குப் போனேன். சாட்ஸ்வர்த்திலிருந்து ஊரைத் தாண்டி வடக்குக் கோடி. அங்கே போனால், பெட்டி இரண்டு நாள் முன்பே ஜோஹன்னஸ்பர்க் போய்விட்டதாம். போனில் பேசியவர் அதைச் சொல்லவே இல்லை. கடிதத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். துறை முத்திரை இல்லை என்று திருப்பினார்கள். முத்திரையோடு அனுப்பினேன். உயிரிப் பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். அவர் விடுமுறையில் இருந்தார். இந்த மூன்றையும் முதல் போனிலேயே கேட்டிருந்தால் மூன்றும் ஒரே நாளில் கிடைத்திருக்கும்.

பதினான்காம் நாள் பெட்டி ஆய்வகத்துக்கே திரும்பி வந்தது. பக்கவாட்டில் அழுக்கும் கீறலும். படுக்கப் போட்டிருக்கிறார்கள். மூடியைத் திறந்தேன். வெண்புகை வரவில்லை. உள்ளே கை வைத்தால் சாதாரணச் சூடு. 32 வளையங்களிலும் ஒன்றும் மிஞ்சவில்லை. கிரெனோபிளில் எங்களுக்கு ஒதுக்கிய நாளும் முடிந்திருந்தது. அன்று சாயங்காலம் ஆயா வாசலில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னா புள்ள, ஆருக்கு என்னா ஆச்சி?” என்று பதறினார். சொன்னேன். முழுக்கப் புரிந்ததா தெரியாது. சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

அடுத்த ஒதுக்கீட்டுக்கு ஏழு மாதம். இந்த முறை உயிரிப் பாதுகாப்பு அதிகாரியை முதலில் போய்ப் பார்த்தேன். வாசகத்தை அவரே எழுதிக் கொடுத்தார்: ‘சுத்திகரித்த புரதத்தின் படிகங்கள், ஆய்வக ஈ.கோலையில் தயாரித்தது, தொற்றாது, உயிருள்ள நுண்ணுயிர் எதுவும் இல்லை.’ மரபணு எந்தக் கிருமியிலிருந்து வந்தது என்ற விவரம் கடிதத்துக்குள் முழுமையாக இருக்கும். மறைக்கக் கூடாது, மறைக்கவும் இல்லை. ஆனால் படிவத்தின் கட்டத்தில் பெட்டிக்குள் என்ன இருக்கிறதோ அதை எழுதுங்கள். கடிதம், கையெழுத்து, முத்திரை எல்லாம் மூன்று பிரதி: ஒன்று மூடியில், ஒன்று உறைக்குள், ஒன்று மின்னஞ்சலில். காலிப் பெட்டியின் விலையைத் தனியாகக் காட்டி, ‘திரும்பி வரும்’ என்று எழுதுங்கள். உள்ளே ஒரு வெப்பப் பதிவுக் கருவி போடுங்கள். திங்களன்று அனுப்புங்கள், வெள்ளியன்று கிளம்பும் பெட்டி சனி ஞாயிறு கிடங்கில் நிற்கும்.

ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தது. குளிர் குறையவே இல்லை என்று பதிவுக் கருவி காட்டியது. அதைச் சொல்லி அங்கிருந்து வந்த மின்னஞ்சலை நான் நாலு முறை படித்தேன்.

கதிர் நேரம் எட்டு மணி, டர்பனிலிருந்தே கணினி வழியாக. நடுவில் மின்வெட்டு. கணினிக்கு யுபிஎஸ் இருந்தது, ரவுட்டருக்கு இல்லை. இருபது நிமிடம் போனது. நல்லவேளை, வேலை ஓடுவது அவர்கள் கணினியில் என்பதால் சேகரிப்பு தன்பாட்டில் தொடர்ந்தது. ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் சொருகுங்கள்.

பல படிகங்களில் பனி உறைந்து, படத்தில் வளையமாகத் தெரிந்து கெடுத்தது. நல்லது ஆறு. ஏற்கெனவே வெளிவந்த பிளா-சி வடிவத்தை மாதிரியாக வைத்ததால் வரைபடத்தைக் கணக்கிடத் தேவையான அலைக்கட்டங்கள் ஒரே மதியத்தில் கிடைத்தன. ஆனால் முதல் வரைபடத்தில் (எலக்ட்ரான்கள் எங்கே அடர்ந்திருக்கின்றன என்று காட்டும் படம்) செரீனுக்குப் பக்கத்தில் இருந்தது மருந்து இல்லை. குட்டையாக, நான்கு முனையோடு ஒரு திட்டு: பாஸ்பேட். படிகம் வளர்த்த கரைசலிலிருந்தே வந்து, மருந்து உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. வயிற்றைப் பிசைந்தது. இரண்டாவது, மூன்றாவதிலும் அதேதான். நான்காவது, மருந்தை மூன்று மடங்கு கூட்டி இரவு முழுக்க ஊறவைத்த படிகம். அதில் 70-வது செரீனின் ஆக்சிஜனிலிருந்து வரைபடம் இடைவெளி இல்லாமல் மருந்துக்குள் ஓடியது. வளையம் உடைந்திருந்தது. 166-ல் அலனின், குளூட்டமேட்டின் நீண்ட பக்கச்சங்கிலி இருந்த இடம் காலி. படத்தின் துல்லியம் 1.9 ஆங்ஸ்ட்ராம். பாஸ்பேட்டில் வளரும் படிகம் உங்களிடமும் இருந்தால், ஊறவைக்கும் முன் பாஸ்பேட் இல்லாத கரைசலுக்கு மாற்றிப் பாருங்கள். எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

படத்தை போனில் ஆயாவிடம் காட்டினேன். மகனையும் கூப்பிட்டார். அவர் கேட்கும் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, எது மருந்து, எது கிருமியுடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மஞ்சள் நிறம் மருந்து என்றேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த பெட்டியில் கிளாவுலானிக் அமிலம் ஊறிய படிகங்கள். வரும் திங்கள் கிளம்புகிறது. கடிதம் மூன்று பிரதியும் தயார்.