28ஆம் தேதி வரை

ஜூன் 2, திங்கள்

சின்னவனின் எடை 12 கிலோ 900 கிராம். மார்ச்சில் இருந்த எடையேதான். மருத்துவர் முகத்தில் கவலை எதுவும் தெரியவில்லை. 28ஆம் தேதி மறுபடி அழைத்து வாருங்கள், அதுவரை அவன் உண்பதையும் குடிப்பதையும் ஒன்றுவிடாமல் குறித்து வையுங்கள் என்று மட்டும் சொன்னார். அவர் கேட்டது ஒரு பட்டியல். பட்டியலில் அடங்காதவற்றை இங்கே எழுதுகிறேன்.

இன்றிரவு சோறு நான்கு வாய், உருளைக்கிழங்கு ஒரு துண்டு, பால் ஒரு தம்ளர். நான்காவது வாயை அவன் விழுங்கினானா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

வாழைப்பழத்தை உரிக்கும்போது நடுவில் முறிந்துவிட்டது. முறிந்த பழத்தை ஒட்டித் தரும்படி கேட்டு இருபது நிமிடம் அழுதான். வேறு பழம் வீட்டில் இல்லை. இரண்டு துண்டுகளையும் நேராக வைத்து, முறிந்த இடத்தைக் கையால் மறைத்துக் கொடுத்துப் பார்த்தேன். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, விரிசல் அங்கேயே இருப்பதைக் கண்டுகொண்டான்.

ஜூன் 4, புதன்

எட்டு மணிக்கு வாங்கிய கவளம் எட்டே முக்காலுக்கும் வலது கன்னத்திலேயே இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

இன்று செய்ததை நினைத்தால் மனம் ஆறவில்லை. அவன் மறுக்காமல் உண்ணும் பொருள்கள் ஆறுதான்: சோறு, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ரொட்டி, தயிர், பொரித்த முட்டை. காய் என்று ஒன்றும் உள்ளே போகவில்லையே என்ற ஏக்கத்தில் காரட்டை நன்றாக வேகவைத்து, மசித்து, வடிகட்டி, முட்டையோடு அடித்துப் பொரித்தேன். நிறத்தில் வேறுபாடே தெரியவில்லை. நானும் தின்று பார்த்தேன், மணமும் தெரியவில்லை. முதல் வாயை வாங்கினான், மெல்லுவதை நிறுத்தினான், என்னை நிமிர்ந்து பார்த்தான். அதில் கோபம் இல்லை. கடைக்காரர் எடையில் ஏமாற்றியதை அந்த இடத்திலேயே கண்டுபிடித்தவர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தான். வாயில் இருந்ததை நாக்கால் தள்ளி நீலத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

இரவு காரட் இல்லாத முட்டையைத்தான் கொடுத்தேன். தட்டைத் தள்ளிவிட்டான். ஆறாக இருந்தது ஐந்தாகிவிட்டது. காயைச் சேர்க்கப் போய் முட்டையை இழந்தேன். அதைவிட, நான் தருவதைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டிருந்த பிள்ளை இனிமேல் ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்துத்தான் உண்பான் என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

பட்டியலைக் கூட்டிப் பார்த்தேன். நேற்று மட்டும் பால் நான்கு தம்ளர், அதாவது 800 மில்லி. சோறு இறங்கவில்லை, பாலாவது குடிக்கட்டும் என்று நானேதான் கொடுத்திருக்கிறேன். வயிற்றைப் பால் நிறைத்துவிட, சோற்றுக்கு இடமில்லை. சோறு உண்ணவில்லையே என்று மறுபடியும் பால். ஒரு லிட்டர் பசும்பாலில் இருக்கும் இரும்புச்சத்து அரை மில்லிகிராம் அளவுதான். மூன்று வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் வேண்டும். அந்தச் சத்து குறைந்தால் பசியும் குறையும் என்று மருத்துவர் அன்றே சொல்லியிருந்தார், 500 மில்லிக்கு மேல் வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அன்று என் காதில் 12 கிலோ 900 என்பதைத் தவிர எதுவும் விழவில்லை.

ஜூன் 9, திங்கள்

பால் 500 மில்லி, அழுகை மூன்று முறை, முட்டை இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

அத்தை தொலைபேசியில் பேசும்போது, "உன் வீட்டுக்காரனும் இப்படித்தாம்மா, பத்து வயசு வரைக்கும் பச்சையா எதைப் பார்த்தாலும் எழுந்து ஓடுவான்" என்றார். இத்தனை ஆண்டுகளில் இதை இன்றுதான் சொல்கிறார். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில், புதிய உணவைக் கண்டு அஞ்சும் இயல்பில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் முக்கால் பங்குக்கு மரபே காரணம் என்று கண்டார்கள். இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை இந்த அச்சம் மிகுந்திருக்கும் என்பதும் தெரிந்ததுதான். தெரிந்துகொண்டது எனக்கு ஆறுதலாகவே இருந்தது. இரவு என் கணவர் தன் தட்டில் இருந்த பட்டாணியைக் கரண்டியால் ஓரம் கட்டியதைக் கண்டதும் அந்த ஆறுதல் போய்விட்டது. சின்னவன் கண் கொட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவரைத் தனியே அழைத்து, இந்த மாதம் முழுவதும் பட்டாணியை விழுங்கியே ஆகவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சம்மதித்திருக்கிறார்.

ஜூன் 12, வியாழன்

பெரியவளைப் பற்றி எழுதவே இல்லை. அவளுக்கு வேறொரு சட்டம் உண்டு: தட்டில் ஒன்றை மற்றொன்று தொடக்கூடாது. சோற்றுக்கும் காய்க்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி வேண்டும். காயின் நீர் ஒரு துளி ஓடிச் சோற்றில் சேர்ந்துவிட்டால், "அம்மா, தொட்டிடுச்சு" என்று கையை மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அந்த இடைவெளி இருந்துவிட்டால் போதும், வைத்ததை எல்லாம் தின்றுவிடுவாள். அதனால் அவளைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை.

இன்று இடைவெளி சரியாகத்தான் இருந்தது. அவள் உண்ணவில்லை. வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். காய் பிடிக்கவில்லையா என்றேன், அதற்கும் இல்லை என்றாள். சின்னவனுக்கு அடுத்த வாயைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். "நான் ஒழுங்கா சாப்பிடும்போதெல்லாம் நீ என்னைப் பாக்கவே மாட்டேங்கிற, தம்பி சாப்பிடலைன்னா மட்டும் அவனையே பாத்துட்டு இருக்கே" என்றாள்.

கையில் பிசைந்த சோற்றுடன் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஏழு வயதுப் பெண் எத்தனை வேளைகளாக இதைக் கவனித்துக்கொண்டு வந்திருக்கிறாள்! உண்ணாதிருப்பதுதான் அம்மாவின் கண்ணைத் திருப்பும் வழி என்று இந்த வீட்டில் நானே இரண்டு பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

மருத்துவர் சொன்ன முறை கேட்க எளிதாக இருக்கிறது. எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் 1980களில் வகுத்தது அது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பவை பெற்றோரின் பொறுப்பு. உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பவை பிள்ளையின் பொறுப்பு. அவன் பொறுப்பில் நான் கை வைக்கக்கூடாது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில், சூப்பை முடி, முடி என்று வற்புறுத்தப்பட்டபோது சிறுபிள்ளைகள் குறைவாகவே குடித்திருக்கிறார்கள், அதைப் பற்றிக் குறையும் அதிகம் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, பால் மறந்த குழந்தைகளைத் தாங்களே தேர்ந்து உண்ண விட்டுப் பார்த்த கிளாரா டேவிஸ் என்ற மருத்துவரின் ஆய்வு 1928இல் வெளிவந்தது. செவிலியர் கரண்டியை வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை ஒன்றைச் சுட்டினாலோ கை நீட்டினாலோ மட்டும் அதை எடுத்து, அது வாயைத் திறந்தால் ஊட்ட வேண்டும். அங்கே எலும்பு நோயோடு வந்த ஒரு குழந்தை, தட்டில் இருந்த மீனெண்ணெயை நோய் தீரும்வரை தானாகக் குடித்துவிட்டுப் பிறகு அதைத் தொடவே இல்லையாம். வைத்த பொருள்கள் அனைத்தும் நல்ல உணவாக இருந்ததால்தான் எதைத் தேர்ந்தாலும் கெடுதல் வரவில்லை என்பதை டேவிஸே விளக்கியிருக்கிறார். ஆகவே என்ன வைப்பது என்ற என் பங்கு சிறியது இல்லை.

இன்று மதியம் அந்தச் செவிலியரைப் போல உட்கார முயன்றேன். நீலத் தட்டில் சோறு, தயிர், ஐந்து பட்டாணி. கைகளை மடியில் கோத்துக்கொண்டேன். அவன் ஒரு பருக்கையை விரல் நுனியில் ஒட்டி எடுத்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, வாய் அருகே கொண்டுபோனான். அப்போது பெரியவள், "அம்மா, நீ ஏன் வாயைத் திறந்து வெச்சிருக்கே?" என்று கேட்டாள். என் வாய் தானாகத் திறந்திருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

பட்டாணியை நக்கினான். ஒரே ஒரு பட்டாணியை எடுத்து, நாக்கை நீட்டித் தொட்டுவிட்டு, பழைய இடத்திலேயே வைத்தான். ஒரு புதிய உணவு பிடித்துப்போக எட்டு, பத்து, சிலருக்குப் பதினைந்து முறைகூடச் சுவைக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். தட்டில் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் போதாதாம். அப்படியானால் இதுவரை நான் வைத்த நான்கு முறையும் கணக்கில் வராது. நக்கியது வருமா? எனக்கு வந்தாக வேண்டும். ஒன்று என்று குறித்துக்கொண்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

காய்ச்சல், 101 டிகிரி.

ஜூன் 18, புதன்

தண்ணீரும் அரைத் தம்ளர் பாலும் தவிர எதுவும் இறங்கவில்லை. வாயே திறக்காத பிள்ளையிடம் எதையும் கேட்கத் தோன்றவில்லை. அவன் நன்றாக இருந்து, முறிந்த வாழைப்பழத்துக்காக அழுதால் போதும் என்று இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

காய்ச்சல் நேற்றுக் காலையே விட்டது. நேற்று முழுவதும் பாதி ரொட்டிதான். இன்றிரவு பத்து மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு அடுப்படியில் ஏதோ ஓசை கேட்டுப் போனேன். விளக்கைப் போடவில்லை. பாத்திரத்தில் மீந்திருந்த வெறும் சோற்றை நின்றபடியே கையால் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தான். நீலத் தட்டு இல்லை, தயிர் இல்லை, யாரும் ஊட்டவில்லை. கன்னத்தில் எதையும் அதக்கவில்லை. மெல்லுவதும் விழுங்குவதும் இருட்டில் தெளிவாகக் கேட்டன. கதவோரத்திலேயே நின்றுகொண்டேன். உள்ளே போனால் நிறுத்திவிடுவான் என்று பயமாக இருந்தது. எத்தனை வாய் என்று எண்ணத் தொடங்கிப் பதினொன்றில் நிறுத்தினேன்.

பட்டியலில் இதை எந்த வேளைக்குக் கீழே எழுதுவது?

ஜூன் 22, ஞாயிறு

அக்காவின் தட்டிலிருந்து ஒரு துண்டு காரட்டை எடுத்துத் தின்றான். தன் தட்டில் அதே காரட் இருக்க, அதைத் தள்ளிவைத்துவிட்டு, கை நீட்டி அவள் தட்டிலிருந்து எடுத்தான். வடிகட்டி ஒளித்து வைத்தபோது ஒரே வாயில் கண்டுபிடித்துத் துப்பிய அதே காரட்! அடுத்த துண்டுக்குக் கை நீட்டியபோது அவன் முழங்கை பட்டுச் சோறு சரிந்து காயைத் தொட்டுவிட்டது. பெரியவள் கைகளைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஜூன் 23, திங்கள்

பெரியவளோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டேன். அவளுக்கு இனி இரண்டு தட்டுகள். ஒன்று அவளுடையது, அதை யாரும் தொடமாட்டார்கள். மற்றது தம்பி எடுப்பதற்கென்றே அவள் பக்கத்தில் இருக்கும். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள்: சாப்பிடும்போது அம்மா தன் பக்கத்தில் உட்கார்ந்து தன்னோடுதான் பேச வேண்டும். இன்று அப்படியே உட்கார்ந்தேன். பள்ளியில் பல் விழுந்த ஒரு பிள்ளையின் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை சொன்னாள். சின்னவன் என்ன தின்றான் என்று நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பதை எழுதத்தான் வேண்டும்: கழுத்து வலித்தது. பிறகு தட்டை எடுத்தபோது மூன்று காரட் துண்டுகளும் இரண்டு பட்டாணியும் குறைந்திருந்தன. மேசைக்கு அடியில் தேடினேன். ஒரு பட்டாணி கிடைத்தது.

முட்டை மட்டும் இன்னும் இல்லை.

ஜூன் 25, புதன்

அவர் பட்டாணியைத் தின்றுவிட்டு, "பரவாயில்லையே" என்றார். நடிக்கிறாரா என்று கேட்டேன். இல்லையாம். பதினோராவது முறை என்று எண்ணி வைத்திருக்கிறார்.

ஜூன் 26, வியாழன்

முதல் ஆண்டில் பிறந்த எடை மூன்று மடங்காகும்; இரண்டு வயதுக்குப் பிறகு ஆண்டுக்கு 2 கிலோ கூடினாலே போதும். அவன் குறைவாக உண்பதில் ஒரு பகுதி, குறைவாக வளர வேண்டிய வயது என்பதாலும்தான். ஆண்டுக்கு 2 கிலோ என்றால் மாதத்துக்கு 170 கிராம்கூட இல்லை. ஒரு தம்ளர் பால் 200 கிராம். சனிக்கிழமை கிளம்பும் முன் ஒரு தம்ளர் பாலைக் கொடுத்து அழைத்துப் போனால் ஒரு மாத வளர்ச்சிக்கு மேலேயே காட்டிவிடும். இதை நினைத்ததோடு நில்லாமல், கூட்டிக் கழித்தும் பார்த்துவிட்டேன்.

கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. இரண்டாம் தேதி அவனை எடைக்கருவியில் ஏற்றியபோது காலில் செருப்பு இருந்ததா? புறப்படும்போது மாட்டிவிட்டேன், அது நினைவிருக்கிறது. உள்ளே போய்க் கழற்றியது நினைவில் இல்லை. பெரியவளை எழுப்பிக் கேட்கலாமா என்று இரண்டு முறை எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தேன். செருப்பைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: இரண்டும் சேர்ந்து 180 கிராம். இருந்தது என்றால் அன்றைய எடை 12 கிலோ 720. அப்போது எதிலிருந்து எவ்வளவு கூடியது என்று பார்ப்பது?

ஜூன் 27, வெள்ளி

நாளை ஒன்பது மணிக்குப் போக வேண்டும். பால் கொடுக்கப் போவதில்லை, செருப்பைக் கழற்றச் சொல்லப் போகிறேன்.

இரவு அவித்த முட்டை வைத்தேன். பொரிக்கவில்லை, நறுக்கவில்லை, ஓடு உரித்து முழுதாக நீலத் தட்டின் நடுவில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தான். ஒரு விரலால் அழுத்தினான், அது வழுக்கி ஓடியது, பிடித்து நிறுத்தினான். பிறகு இரண்டு கட்டைவிரல்களையும் வைத்துப் பிளந்தான். மஞ்சள் கருவைத் தோண்டி வெளியே எடுத்து, அதைப் பொடியாக உதிர்த்து, உள்ளே எதுவும் ஒளிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு துகளாகப் பிரித்துப் பார்த்தான். ஒன்றும் இல்லையடா கண்ணா என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பெரியவளின் பக்கம் திரும்பி, அவள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

திரும்பிப் பார்த்தபோது வெள்ளைக் கருவின் இரண்டு பாதிகளையும் ஒன்றாக மூடி, முழு முட்டைபோல ஆக்கி, கையில் வைத்திருந்தான்.