போன் அடிக்காத நாள்

08.09.2025, திங்கள்

கடலூரில் வீடுகளுக்கு கேபிளும் நெட்டும் கொடுக்கிறவன் நான். விடிந்தும் விடியாமல் 6.10க்கு முதல் போன், வண்டிப்பாளையத்திலிருந்து. "தம்பி, ரெட் லைட்டு எரியுது." மோடத்தில் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் கண்ணாடி இழை வழியாக வர வேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். போய்ப் பார்த்தேன். முருங்கை மரத்தை ஒட்டிப் போகிற வயரை அணில் கொறித்துப் போட்டிருந்தது. ராமர் அன்றைக்குத் தடவிக் கொடுத்ததோடு ரெண்டு தட்டும் தட்டி அனுப்பியிருக்கலாம்.

இன்றைக்கு மொத்தம் பதினொரு புகார். வீட்டம்மாதான் நோட்டில் எழுதுவாள், அவர்கள் சொன்ன மாதிரியே. 'நெட்டு சுத்திக்கிட்டே இருக்கு.' 'சீரியல் பாதியில நின்னுபோச்சு.' 'ஹால்ல வருது, ரூம்ல வரல.' கடைசியில் சொன்னதற்கு என்னிடம் மருந்து இல்லை. மோடத்தை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு சிக்னல் வரவில்லை என்றால் நான் என்ன செய்ய?

கேபிள் டி.வி. மட்டும் கொடுத்த காலத்தில் கிரிக்கெட் நேரத்திலும் சீரியல் நேரத்திலும்தான் திட்டு விழும். இப்போது நாள் முழுக்க.

10.09.2025, புதன்

காலை ஒன்பது மணிக்கு மேல் ஒரு போன் கூட இல்லை. நிம்மதியாகச் செம்மண்டலம் டீக்கடைக்குப் போனேன். பத்து ரூபாய் ஸ்கேன் பண்ணினால் சக்கரம் சுற்றுகிறது. கடைக்காரரின் சவுண்டு பாக்ஸும் வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் என் போனைப் பார்த்தேன். டவரே இல்லை.

பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இருந்தும் காலையில் இது உறைக்கவில்லை பாருங்கள். நான்கு பேர் போன் போட்டுத் திட்டினால் நான்கு வீட்டில்தான் கோளாறு. ஒருத்தருமே கூப்பிடவில்லை என்றால் ஊருக்கே போய்விட்டது, கூப்பிடவும் வழியில்லை.

குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய ஜேசிபி 8.50க்குக் கேபிளை அள்ளி எடுத்துவிட்டது. நெட்டுக்குத்தான் ஒயர், செல்போன் எல்லாம் காற்றில் வருகிறது என்று பலருக்கும் நினைப்பு. கையிலிருந்து டவர் வரைக்கும்தான் காற்று. டவரிலிருந்து அந்தப் பக்கம் பல இடங்களில் மண்ணுக்குள் போகிற ஃபைபர்தான். நான் இன்டர்நெட் லிங்க் வாங்குகிற கம்பெனியின் கேபிளும் டவருக்குப் போகிற கேபிளும் ஒரே பள்ளத்தில். ஒரே வாளியில் இரண்டும் போச்சு.

போன் இல்லாததால் ஆட்கள் நேரிலேயே வந்தார்கள். மெடிக்கல்காரர், ஆன்லைன் வகுப்புப் பையனின் அம்மா, மீன் விற்ற பணம் வந்ததா வரவில்லையா என்று தெரியாமல் தேவனாம்பட்டினத்து அக்கா ஒருவர். "காசு வாங்க மட்டும் ஒண்ணாந்தேதி டான்னு வரத் தெரியுதில்ல?" நியாயம்தான்.

கடைசியாகப் புதுப்பாளையத்து ஆயா, நடந்தே வந்திருந்தார். மகன் குவைத்தில். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோவில் வருவான். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, அவன்தான் பயந்துடுவான்" என்றார்.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். போன வருஷம் நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. அடுத்து டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையில் 1.68 லட்சம் கனஅடி திறக்க, பெண்ணையாறு கரை மீறிக் கடலூர்ப் பக்கம் புகுந்தது. கரண்ட் போனால் டவர் கொஞ்ச நேரம் பேட்டரியில் நிற்கும், அப்புறம் டீசல் ஜெனரேட்டர். இடுப்பளவு தண்ணீரில் டீசல் கேனை யார் தூக்கிப் போவது? அப்போது இரண்டு நாள் மகன் அங்கே சோறு தின்னவில்லையாம்.

"ராத்திரிக்குள்ள வந்துடும் ஆயா" என்று சொல்லி அனுப்பினேன்.

11.09.2025, வியாழன்

நள்ளிரவு 1.20க்குத்தான் லைன் வந்தது. 24 இழை. நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன் என்று வரிசை பார்த்து ஒவ்வொன்றாக உரித்து, துடைத்து, வெட்டி, மெஷினில் வைத்து ஒட்ட வேண்டும். ஒளி போகிற நடுப்பகுதி 9 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. உதவிக்கு வந்த பையன் டார்ச் பிடித்தபடியே தூங்கி விழுந்தான். கொசு வேறு.

டவர் உயிர் வந்ததும் போனில் டொய்ங் என்று கம்பெனியிடமிருந்து ஒரு மெசேஜ். 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.' நேரம் பார்த்தால் மாலை 7.15க்கு அனுப்பியது! அந்த நேரத்தில் கேபிள் பள்ளத்தில் ரெண்டு துண்டாகக் கிடந்தது.

12.09.2025, வெள்ளி

மஞ்சக்குப்பம் வாத்தியார் விதிகளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்தது. ஒரு மாவட்டத்தில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவு, பிரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பு. இயற்கைச் சீற்றம் என்றால் கிடையாது. (தானே புயல், ஃபெஞ்சல் புயல் எல்லாம் பார்த்த கடலூர்க்காரன் இதைப் படித்துச் சிரிக்காமல் என்ன செய்வான்?)

கணக்குப் போட்டோம். 8.50லிருந்து 1.20 வரை பதினாறரை மணி நேரம். "இருபத்து நாலுக்கு ஏழரை குறையுது சார்" என்றேன். "ஏழரை உனக்கா எனக்கா?" என்றார்.

செல்போன் கம்பெனிக்குத் தனியாகப் புகார் கொடுத்து டாக்கெட் நம்பர் வாங்கி வைத்திருக்கிறார். திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதை 39 நாளில் முடிக்க வேண்டுமாம். விட மாட்டார் போலிருக்கிறது. நல்லதுதான், இப்படி நாலு பேர் வேண்டும். என் பில் 499, ஒரு நாளைக்கு 16 ரூபாய் 63 காசு. இருபதாகவே கழித்துக்கொடுத்தேன். மூன்று ரூபாய் சில்லறை தேடினார்.

15.09.2025, திங்கள்

வாடகை வசூலுக்குப் புதுப்பாளையம் போனேன். ஆயா வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்கு.

புதன்கிழமையிலிருந்தே எரிகிறதாம். ஐந்து நாள். நோட்டைப் புரட்டினேன், அவர் பெயரே இல்லை. வைஃபைதான் இருக்கிறதே என்று போனுக்கு ரீசார்ஜ் பண்ணவில்லை, இன்கமிங்கும் நின்றுவிட்டது.

"ஏன் ஆயா சொல்லல?"

"ஊருக்கே இல்லன்னு நெனச்சேன். நீதான் வந்துடும்னு சொன்னியே."

கம்பெனிக்காரன் மெசேஜைப் பார்த்துச் சிரித்தவன் நான். அவர் தெருவுக்குப் போகிற இழையை நள்ளிரவில் நான்தான் ஒட்டினேன், சரியாகப் பிடிக்கவில்லை. அதே பெட்டியிலிருந்து போகிற இன்னொரு வீடு பூட்டிக் கிடப்பதால் கேட்க ஆளில்லை. பெட்டியைத் திறந்து திரும்ப ஒட்டி முடிக்க நாற்பது நிமிஷம்.

பச்சை வந்த உடனேயே குவைத்திலிருந்து கால். ஆயா போனை என் பக்கம் திருப்பி, "இவர்தான் நெட்டு தம்பி" என்று காட்டினார். மகன் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டம்மா நோட்டை எடுத்தாள். இன்றைய தேதிக்குக் கீழே, ஏரியா என்ற இடத்தில், 'குவைத்' என்று எழுதினாள்.