ஒரே ராத்திரியில் ஒன்றரைக் கிலோ

ரத்தப் பரிசோதனையில், சர்க்கரை அளவைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்தது. சர்க்கரை வியாதி இல்லை, ஆனால் வாசலில் வந்து நிற்கிறது என்றார் டாக்டர். 5.7-லிருந்து 6.4 வரைக்கும் இந்த இரண்டுங்கெட்டான் நிலைதானாம். மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், எடையில் ஐந்தாறு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அப்போது நான் 74 கிலோ. உயரம் 156 சென்டிமீட்டர்.

எனக்குத் தொழிலே கணக்கு எழுதுவதுதான். ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். அதனால் பேலியோ, சூப் டயட் என்று போகாமல் கலோரி எண்ணுவது நமக்கு ஒத்துவரும் என்று தோன்றியது. என் உடம்பு ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 1,900 கலோரி. சாப்பாடு 1,500-க்குள் இருந்தால் மீதி 400-ஐ உடம்பு தன் கையிருப்பிலிருந்து எடுத்தாக வேண்டும். ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு 7,700 கலோரி என்பது எல்லோரும் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. 1958-ல் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர் ஒரு பவுண்டுக்கு 3,500 என்று எழுதியதைத்தான் கிலோவுக்கு மாற்றிச் சொல்கிறார்கள். அதன்படி எனக்கு வாரத்துக்கு 360 கிராம், நாளைக்கு 50 கிராம் சொச்சம் குறைய வேண்டும். எங்கள் வீட்டு எடை மெஷின் காட்டுவதே 100 கிராம் 100 கிராமாகத்தான்.

வரவுப் பக்கம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்கினேன். எங்கள் வீட்டு இட்லி 45 கிராம் வருகிறது, ஒன்று 60 கலோரி என்று வைத்துக்கொண்டேன். வெந்த சாதம் 100 கிராமுக்கு 130. அரிசியாகவே நிறுத்தால் 100 கிராமுக்கு 350 வரும். வெந்தபின் அது மூன்று பங்காகிவிடுவதால் எதை நிறுத்தோம் என்பது முக்கியம். ஆளை அசத்தியது எண்ணெய்தான். இட்லிப் பொடிக்குக் குழி செய்து நல்லெண்ணெய் ஊற்றுவோமே, அதை ஒரு நாள் கிண்ணத்தைத் தராசில் வைத்துக்கொண்டே ஊற்றிப் பார்த்தேன். வழக்கம்போல ஊற்றியதில் 14 கிராம். கிராமுக்கு 9 கலோரி என்றால் 126. இரண்டு இட்லிக்கு மேல். தட்டில் மூன்று இட்லி, எண்ணெயில் ஒளிந்து இன்னும் இரண்டு.

முதல் வாரத்தில் 1.8 கிலோ குறைந்தது. ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் கணக்குப்படி 360 கிராம்தானே வரவேண்டும்? கணக்கு எழுதுகிறவளுக்கு லாபமாக வந்தாலும் டேலி ஆகாத தொகை உறுத்தும். தேடிப் படித்ததில் காரணம் கிடைத்தது. நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பகுதியைக் கல்லீரலும் தசையும் கிளைகோஜன் என்று சேர்த்து வைக்கின்றன. கல்லீரலில் 100 கிராம், தசைகளில் 400 கிராம் போல இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றைப் பாதியாக்கியதும் அந்தக் கையிருப்பு கரைந்து, கூடவே தண்ணீரும் போய்விட்டது. புதுசாக டயட் ஆரம்பித்தவர்கள் எல்லோரும் முதல் வாரத்தில் மெலிந்துவிடுவதும் இரண்டாவது வாரத்தில் முகம் தொங்கிப்போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

அப்புறம் ஒரு கல்யாண ரிசப்ஷன். பரோட்டா, குருமா, வெஜ் பிரியாணி, அப்பளம், ஊறுகாய், கடைசியில் ஐஸ்கிரீம். வீட்டுக்கு வந்து குத்துமதிப்பாக எழுதியதில் வழக்கத்தைவிட 900 கலோரி கூட. மறுநாள் காலையில் மெஷின் 1.5 கிலோ ஏற்றிக் காட்டியது.

உட்கார்ந்து பெருக்கினேன். 1.5 கிலோ கொழுப்பு ஏறவேண்டுமென்றால் 11,550 கலோரி உபரியாகப் போயிருக்க வேண்டும். கடலை எண்ணெயாகவே குடித்திருந்தாலும் 1.4 லிட்டர் குடித்திருக்க வேண்டும். பந்தியில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. 900 கலோரிக்கு வரவேண்டியது 120 கிராம் கொழுப்புகூட இல்லை. மீதியெல்லாம் என்ன?

கொஞ்சம், இரவு பத்து மணிக்குச் சாப்பிட்டது இன்னும் வயிற்றிலும் குடலிலும் இருப்பது. கொஞ்சம், திரும்ப நிரம்பிய கிளைகோஜனும் அதன் தண்ணீரும். பெரிய பங்கு உப்புக்கு. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சலைன் பாட்டிலில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. நம் ரத்தத்தின் உப்பு அளவுக்கு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அளவு. உடம்பு அந்த விகிதத்தை விட்டுக்கொடுக்காது. கூடுதலாக நான்கைந்து கிராம் உப்பு உள்ளே போனால், சிறுநீரகம் அதை வெளியேற்றி முடிக்கும் வரை அரை லிட்டர் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. அந்தப் பந்தியில் குருமாவும் ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்து ஒரே வேளையில் அதைத் தாண்டியிருக்கும். விருந்துக்கு மறுநாள் மோதிரம் இறுகுகிறதே, அதுவும் இதே தண்ணீர்தான்.

மூன்று நாளில் 1.3 கிலோ இறங்கிவிட்டது. நான் பட்டினி கிடக்கவில்லை, வழக்கமான 1,500-தான் சாப்பிட்டேன்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அத்தை (வீட்டுக்காரருடைய அம்மா), "ஏங்கண்ணு, அரை வயிறு சாப்பிட்டும் ஏறுதுன்னா அந்த மெசினத் தூக்கி வெளிய போடோணும்" என்றார். அவருக்காக ஒரு சோதனை செய்து காட்டினேன். சொம்பு நிறையத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினில் ஏறினேன். 72.9. இறங்கி, முழுவதையும் குடித்துவிட்டு, காலிச் சொம்போடு மறுபடி ஏறினேன். அதே 72.9. குடித்த தண்ணீரில் கலோரி பூஜ்யம், ஆனால் சொம்பிலிருந்து வயிற்றுக்கு இடம் மாறியதில் என் எடை கூடிவிட்டது. "அப்ப ஒண்ணுக்குப் போனா எளச்சிருவியா?" என்று கேட்டார். மெஷின் கணக்குப்படி ஆமாம் அத்தை என்றேன்.

இரவில் படுக்கும்போதும் காலையில் எழுந்தபோதும் நிறுத்துப் பார்த்தால் வேறு வேடிக்கை. காலையில் 700, 800 கிராம் குறைவாக இருப்பேன். சிறுநீரைக் கழித்தாலும் மிச்சம் இருக்கிறது. அது மூச்சிலும் தோலிலும் போன நீராவி, கொஞ்சம் கரியமில வாயு. இத்தாலியில் பதுவா நகரத்து மருத்துவர் சான்டோரியோ, தராசில் தொங்கும் நாற்காலியில் உட்கார்ந்து பல வருடம் தன் எடையையும் சாப்பாட்டையும் கழிவையும் நிறுத்து, கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ போகிறது என்று 1614-லேயே எழுதி வைத்தார். அந்த ஆள் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனார். கொழுப்பு கரைந்து எங்கே போகிறது என்பதற்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது, 1.6 கிலோதான் தண்ணீர் என்று 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வியர்த்துக் கொட்டினால் கொழுப்பு உருகுகிறது என்று ஜிம்மில் பிளாஸ்டிக் கோட்டு போட்டு ஓடுகிறவர்களிடம் யாராவது சொல்லலாம்.

சரி, மெஷினை எப்படித்தான் நம்புவது? முதலில் நிறுக்கும் முறையை ஒன்றாக்கினேன். காலையில் பாத்ரூம் போய்வந்து, காபிக்கு முன்னால், அதே நைட்டியோடு. மெஷினை மிதியடி மேல் வைக்காமல் தரையில், அதுவும் ஹாலில் ஒரே டைல்ஸ் மேல். இடம் மாற்றினாலே எங்கள் மெஷின் 300 கிராம் மாற்றிச் சொல்லும். பிறகு எக்செலில் தினமும் எடை, பக்கத்து வரிசையில் கடைசி ஏழு நாள் சராசரி. தினசரி எடை 72.4, 73.1, 72.2 என்று குதித்தாலும் சராசரி அலட்டிக்கொள்ளாமல் நகரும். யோசித்தால் டாக்டர் கையில் கொடுத்த ரிப்போர்ட்டும் இதே சங்கதிதான். வெறும் வயிற்றுச் சர்க்கரை அன்றைய காலை நிலவரம். ஹெச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரி, ஏனென்றால் ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது, அதில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறார்கள். சர்க்கரைக்குச் சராசரியைப் பார்த்துவிட்டு எடைக்கு மட்டும் தினசரி நிலவரத்தைப் பார்ப்பது என்ன நியாயம்?

இவ்வளவு செய்தும் ஒரு இடத்தில் சிக்கியது. வாரச் சராசரி அழகாக 73.0, 72.6, 72.3 என்று இறங்கி வந்து, அடுத்த வாரம் 72.9 என்று ஏறியது. சாப்பாட்டில் மாற்றம் இல்லை. கல்யாணம் காட்சி இல்லை. ஆண்கள் எழுதிய எடைக்குறைப்புக் குறிப்புகளில் இதற்கு விடையே இல்லை. என் பெண்தான், எக்செலைப் பார்த்துவிட்டு, "அம்மா, உனக்கு டேட் எப்போ?" என்று கேட்டாள். போனில் இருந்த பீரியட்ஸ் தேதியை இன்னொரு வரிசையில் ஏற்றிப் பார்த்தோம். பீரியட்ஸுக்கு முந்தைய ஐந்தாறு நாள் ஒரு கிலோ வரை ஏற்றம், முதல் நாள் உச்சம், மூன்றாம் நாளிலிருந்து சரிவு. ஹார்மோன் மாற்றத்தில் உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும் காலம் அது. எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்காது, சிலருக்குத் தெரியவே தெரியாது. எனக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆக, என் வாரச் சராசரியைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதே சரியில்லை. பீரியட்ஸ் முடிந்த வாரத்தைப் போன முறை பீரியட்ஸ் முடிந்த வாரத்தோடு ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தபோது 73.0-க்கு எதிரில் 71.8 நின்றது. நடுவில் தேங்கி நின்றதாக நினைத்த வாரத்திலும் கொழுப்பு குறைந்துகொண்டுதான் இருந்திருக்கிறது, தண்ணீர் அதை மறைத்திருக்கிறது. இதற்குப் பிறகு அந்த வாரத்தில் மெஷின் என்ன சொன்னாலும் எழுதிவைத்துவிட்டு இட்லி ஊற்றப் போய்விடுவேன். என் வீட்டுக்காரருக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. இரவுச் சாப்பாட்டில் சோற்றை நிறுத்தினார், நேர்கோட்டில் குறைந்தார். அந்தக் கடுப்பு தனி.

உடற்பயிற்சியும் ஏற்றும். மகள் பேச்சைக் கேட்டு ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) ஆரம்பித்த வாரம், தொடை வலியில் படி இறங்க முடியவில்லை, எடை 800 கிராம் கூடியது. அடிபட்ட தசை தன்னைச் சரிசெய்துகொள்ள நீரை இழுத்து வைத்துக்கொள்ளும். வலி போனதும் அதுவும் போனது. மலச்சிக்கல், இரவுப் பேருந்தில் காலைத் தொங்கப்போட்டுப் போன பயணம், இவையும் மெஷினில் தெரியும். கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின்கள் உடம்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி ஊகிக்கின்றன. தண்ணீர் அளவு மாறினால் அந்த எண்ணும் மாறும் என்பதால் அந்தப் பக்கமே நான் போகவில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிட வேண்டும். இதய, சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், கால் வீங்கி மூச்சு வாங்குகிறவர்கள் இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது வெறும் தண்ணீர்தானே என்று விடக்கூடாது, உடனே டாக்டரிடம் போக வேண்டும். அங்கே தண்ணீர்தான் பிரச்சினையே. இன்னொன்று, தினமும் நிறுப்பது எல்லோருக்கும் ஆகாது. என் தோழி ஒருத்திக்கு அந்த எண் அன்றைய நாளையே கெடுத்துவிடும். அவள் மெஷினைப் பரண் மேல் போட்டுவிட்டு, மாதம் ஒருமுறை டேப் வைத்து இடுப்பை மட்டும் அளக்கிறாள். அவளும் குறைந்துகொண்டுதான் வருகிறாள்.

நான்கு வாரக் கணக்கு முடிந்ததும் பின்பக்கமிருந்து ஒரு டேலி போட்டேன். குறைந்தது 1.2 கிலோ. 7,700-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் நாளைக்கு 330 கலோரி பற்றாக்குறை. நான் போட்ட திட்டம் 400. இடையில் 70 கலோரி எங்கே போனது? தாளிக்கும்போது வாயில் போட்ட நிலக்கடலை, மகள் மிச்சம் வைத்த தோசை ஓரம், ஆபீசில் அரை டம்ளர் என்று சொல்லி முக்கால் டம்ளர் வரும் டீ. எல்லாவற்றையும் சஸ்பென்ஸ் கணக்கில் (விவரம் பிடிபடாத தொகையைப் போட்டு வைக்கும் கணக்கு) போட்டுவிட்டுத் தினசரி இலக்கை 1,450 ஆக்கினேன். எந்த ஆப் காட்டும் 'உங்கள் செலவு' எண்ணையும்விட இந்த முறை எனக்கு நம்பகமாக இருந்தது. எடை இறங்க இறங்க உடம்பின் செலவும் குறையும், அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது.

எடையே எல்லாம் என்றும் நான் இப்போது நினைப்பதில்லை. 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வை நடத்தியது சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு. என்னைப் போல வாசலில் நின்றவர்களிடம் உணவையும் நடையையும் மாற்றச் சொன்னதிலேயே, எடை பெரிதாகக் குறையாமலே, நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 28 சதவீதம் குறைந்தது. மெஷின் அசையாத வாரங்களில் நடைக்குக் கிளம்ப எனக்கு இது உதவியது. அடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 5.8. எடைச் சராசரி 69.6.

போன தீபாவளிக்கு மூன்று நாள் எதையும் நிறுக்கவில்லை, எழுதவில்லை. நான்காம் நாள் காலையில் மெஷின் 1.6 கிலோ கூடக் காட்டியது. பதறாமல் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினேன். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் 1.3 இறங்கிவிட்டது. மீதி 300 கிராம் மட்டும் அசையவில்லை. 2,300 கலோரி. அது அதிரசம்தான், உப்பு மேல் பழி போட முடியாது.