அறுபதில் திருக்கடவூர்

அறுபது வயது ஒரு வீட்டுக்குத் தனியாக வருவதில்லை. பணி ஓய்வும் அதே சமயத்தில் வரும். மகளுக்குக் கல்யாணம் முடிந்திருக்கும், மகன் வெளிநாட்டில் இருப்பான், இத்தனை பெரிய வீடு இரண்டு பேருக்கு எதற்கு என்ற பேச்சு எழும், சாப்பாட்டு மேசையில் மாத்திரை டப்பா நிரந்தரமாகக் குடியேறும். இனி எப்படி என்று யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி வீடு முழுக்க இருக்கும். அப்படியொரு வேளையில் கணவனும் மனைவியும் போய் நிற்கிற ஊர் திருக்கடவூர். இன்றைய பேச்சில் திருக்கடையூர்.

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 20 கி.மீ., தரங்கம்பாடி போகும் வழியில். சிவன் வீரச்செயல் புரிந்த எட்டு ஊர்களான அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று, சைவ மடமான தருமபுர ஆதீனத்தின் கோயில். லிங்கத்தைத் தழுவிய மார்க்கண்டேயர் மேல் எமன் பாசக்கயிறு வீச, இறைவன் எமனை உதைத்துக் காத்த கதையும், அபிராமி பட்டர் கதையும் தெரியாமல் இங்கே யாரும் வருவதில்லை. அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் முதலில் நினைக்க வேண்டியது மூன்றாவது ஒரு கதை என்று தோன்றுகிறது. அதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

குங்கிலியக் கலய நாயனார் இந்த ஊர்க்காரர். வீரட்டானத்து இறைவனுக்குக் குங்கிலியம் என்ற மணப் பிசினால் தூபம் இடுவது அவர் தொண்டு. சொத்தெல்லாம் கரைந்து, பிள்ளைகள் பசியில் வாடியபோது அவர் மனைவி தம் தாலியைக் கழற்றிக் கொடுத்து, நெல் வாங்கி வரச் சொன்னார். கடைத்தெருவுக்குப் போன கலயர் எதிரே வந்த குங்கிலியப் பொதியைப் பார்த்தார். தாலியைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டு கோயிலுக்கே போய்விட்டார். வீட்டில் அந்த அம்மாள் பசியோடு படுத்துறங்கினார். இரவோடு இரவாக இறைவன் அந்த வீட்டை நெல்லும் பொன்னுமாக நிறைத்தான் என்கிறது பெரியபுராணம். கலயரின் பக்தியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தவர் அந்த அம்மாள். ஒரு பெண் தாலியைக் கழற்றிக் கொடுத்த ஊரில்தான் இன்று விடியற்காலை தோறும் கணவன்மார் மனைவியின் கழுத்தில் மறுபடி தாலி கட்டுகிறார்கள். கையில் மாங்கல்யத்தோடு உட்காரும்போது இது நினைவில் இருந்தால், அந்த மஞ்சள் கயிற்றின் கனம் வேறாக இருக்கும்.

இனி நாள் குறிப்பது. தவறு அதிகம் நடப்பது இதில்தான்.

தமிழ் ஆண்டுகள் பிரபவ முதல் அட்சய வரை 60. பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வரும்போது, பிறந்த தமிழ் மாதத்தில், பிறந்த நட்சத்திரம் கூடும் நாளே சஷ்டியப்தபூர்த்தி, அதாவது அறுபதாம் கல்யாணம். ஆங்கிலத் தேதி இதற்கு உதவாது. 1966 ஏப்ரலில் தொடங்கிய பராபவ ஆண்டு 2026 ஏப்ரல் 14 அன்று திரும்பவும் பிறக்கிறது. 1967 தையில் பிறந்தவரும் பராபவ ஆண்டுக்காரர்தான். அவருக்கு நாள் வருவது 2027 தையில். இதைக் கவனிக்காமல் ஒரு வருஷம் முன்னதாகவே மண்டபம் பேசிவிட்டு, பிறகு மாற்ற முடியாமல் தவிக்கிற குடும்பங்கள் உண்டு.

இன்னொரு சிக்கல் சான்றிதழ். அந்தத் தலைமுறையில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதியே பலருக்குப் பிறந்த தேதியாக நிலைத்துவிட்டது. ஆதாரிலும் அதுதான் இருக்கும். ஓய்வு அந்தத் தேதிப்படி வரட்டும். சாந்தி என்கிற இந்தச் சடங்குக்கு ஜாதகமோ, வீட்டுப் பெரியவர்கள் எழுதி வைத்த குறிப்போ வேண்டும். தமிழ் மாதம் 29 முதல் 32 நாள் வரை ஓடும், நட்சத்திரச் சுற்றோ 27 நாளுக்குச் சற்று மேல். அதனால் ஒரே மாதத்தில் உங்கள் நட்சத்திரம் இரண்டு முறை வரலாம். அப்படி வந்தால் இரண்டாவதை எடுப்பது வழக்கம். தீட்டு வந்து நாள் தவறினால் மனம் உடைய வேண்டாம். அடுத்து வரும் மாதத்தில் அதே நட்சத்திரத்தில் செய்துகொள்ளலாமா என்று உங்கள் குடும்ப வாத்தியாரிடம், அதாவது சடங்கு செய்து வைக்கும் புரோகிதரிடம், கேளுங்கள்.

59 முடிந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. 60 நிறையும்போது சஷ்டியப்தபூர்த்தி. 70-ஐ ஒட்டி பீமரத சாந்தி. 80-ஐத் தாண்டி, ஏறத்தாழ ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம். இவற்றில் எதைச் செய்யப்போகிறீர்கள் என்பதை முன்பதிவிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "அறுபது" என்று மட்டும் சொன்னால் உக்ரரதமா பூர்த்தியா என்று தெரியாது, யாருக்காக, எதற்காகச் செய்கிறோம் என்று தொடக்கத்தில் சொல்லும் சங்கல்பம் மாறிப்போகும். தம்பதி, பிள்ளைகள், மருமக்கள், பேரக்குழந்தைகள் என எல்லோருடைய பெயர், நட்சத்திரம், ராசியை ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டு போங்கள். கோத்திரம் தெரியாவிட்டால் சிவ கோத்திரம் என்று சொல்லலாம். சங்கல்பத்தின் நடுவில் "மாப்பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்?" என்று போனில் தேடுவது அந்த நேரத்தையே கலைத்துவிடும்.

முந்தின மாலையே ஊருக்கு வந்து தங்குவதுதான் சரி. சடங்கு விடியும் முன்பே தொடங்கிவிடும். இரவெல்லாம் வண்டியில் வந்து நேரே ஹோமத்தில் உட்கார்ந்தால், தாலி கட்டுகிற வேளையில் இருவரும் களைத்துப் போயிருப்பார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் இருக்கவே கூடாது. பாலோ பழமோ சாப்பிட்டுவிட்டு உட்காருவதால் சாந்திக்கு ஒரு குறையும் வராது. முழங்கால் மடங்காதவர் முதல் நாளே வாத்தியாரிடம் சொன்னால் உயரமான பலகை போட்டு வைப்பார்கள். ஹோமத்தில் அமரும்போது பருத்தியோ பட்டோ போதும், பாலியஸ்டர் கலந்த புடவை வேண்டாம். நெருப்புப் பொறி பட்டால் அது உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

விநாயகர் பூஜை, புண்யாகவாசனம், சங்கல்பம் முடிந்ததும் கலச ஸ்தாபனம். 16, 32, 64 என்று கலசங்களின் எண்ணிக்கை அவரவர் வசதியைப் பொறுத்தது. வாழை இலையில் அரிசி பரப்பி, நூல் சுற்றிய செம்பை வைத்து, நீர் நிரப்பி, ஏலக்காயும் பச்சைக் கற்பூரமும் இட்டு, மாவிலை, தேங்காய், தர்ப்பைக் கூர்ச்சம் சாத்துவார்கள். நவக்கிரகங்கள், எட்டுத் திக்குப் பாலகர், மார்க்கண்டேயர், ஏழு சிரஞ்சீவிகள் என்று ஒவ்வொருவரையும் அழைத்து அமர்த்துவார்கள். கடன் வாங்கி 64 வைக்க வேண்டாம். குங்கிலியம் மட்டும் கொண்டு வந்தவருக்கு அள்ளிக் கொடுத்த ஊர் இது.

ஹோமத்தில் நவக்கிரகங்களுக்கு ஒன்பது சமித்து, அதாவது தீயில் இடும் குச்சியும் புல்லும். எருக்கு, புரசு, கருங்காலி, நாயுருவி, அரசு, அத்தி, வன்னி, அறுகு, தர்ப்பை. மிருத்யுஞ்சய ஹோமத்தில் சேரும் சீந்தில் கொடியை மட்டும் ஒரு துண்டு கையில் வாங்கிப் பாருங்கள். காகிதம் போல உரிகிற மெல்லிய தோல், அதன் மேல் சின்னச் சின்ன மருக்கள், தோலைக் கீறினால் உள்ளே பச்சை. இதற்கு அமிர்தவல்லி என்று பெயர். தாய்க்கொடியிலிருந்து வெட்டி எடுத்து, மண்ணில்லாமல் ஒரு கம்பியில் தொங்கவிட்டாலும் இது உடனே சாகாது. பல நாள் பச்சையாகவே இருந்து, நூல் போன்ற வேரை அந்தரத்தில் கீழே இறக்கும். பாலிலும் நெய்யிலும் தோய்த்து அக்கினியில் இடுகிற பொருளாக நம் முன்னோர் இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அமிர்தக் குடமே லிங்கமாக நிலைத்த தலத்தில் அந்தக் கொடி எரிவதைப் பார்க்கும்போது கண் கலங்காமல் இருப்பது கடினம். வேலை போய், பிள்ளைகள் தூரம் போய், பழகிய தெருவை விட்டு வருகிறவர்களுக்கு அந்தத் துண்டு பேசும்.

ஹோமத்தை முடித்து வைக்கும் பூர்ணாகுதிக்குப் பிறகு, கலச நீரைத் தம்பதி மேல் ஊற்றும் கலசாபிஷேகம். தலைக்கு மேல் சல்லடை பிடித்து அதன் வழியே நீரை ஊற்றுவதும் உண்டு. பிள்ளைகளும் உறவினரும் வரிசையாக வந்து ஊற்றுவார்கள். அவசரத்தில் மொத்தத் தண்ணீரையும் ஒரே வீச்சில் முகத்தில் கொட்டிவிடுவார்கள், பெரியவர்களுக்கு மூச்சு முட்டும். பின்னந்தலையில் மெதுவாக ஊற்றச் சொல்லி வையுங்கள். தரை முழுக்க ஈரமும் நெய்யும் கலந்து கிடக்கும். எழும்போது இருபுறமும் ஒவ்வொருவர் கைத்தாங்கலாக நிற்க வேண்டும். துண்டு, மாற்று உடுப்பு, கண்ணாடி, காது கேட்கும் கருவி எல்லாம் ஒரே பையில், ஒரே ஆளிடம் இருக்கட்டும்.

கோடித் துணி உடுத்தி வந்ததும் மாங்கல்ய தாரணம். பழைய தாலியைக் கழற்ற வேண்டியதில்லை, அது கழுத்தில் இருக்கவே புதியதைக் கட்டலாம். பிறகு ஒரு நல்ல நாளில் புதுப் பொட்டைப் பழைய சரட்டோடு கோத்துக்கொள்வார்கள். முடிச்சுப் போடும்போது கணவரின் விரல்கள் நடுங்குவது இங்கே சாதாரணம். முதல் கல்யாணத்தில் நாத்தனார் நின்ற இடத்தில் இப்போது மகளோ மருமகளோ நின்று, பின்னாலிருந்து முடிச்சைப் பிடித்துக் கொடுப்பார்கள். வாழ்க்கை கைமாறுவது அந்த ஒரு சாண் கயிற்றில் தெரியும். பாத பூஜையும் ஆசீர்வாதமும் அதன் பிறகு.

தரிசனத்தில் கள்ள வாரணப் பிள்ளையாரை விட்டுவிடாதீர்கள். அமிர்தக் குடத்தை ஒளித்து வைத்தவர் அவர். அமிர்தகடேசுவரர் மேற்கு நோக்கி இருக்கிறார். அவர் திருமேனியில் எமனின் பாசக்கயிறு பட்ட தழும்பு உண்டு என்பார்கள். அபிஷேக வேளையில் நின்றால் காணலாம். காலசம்ஹார மூர்த்தி காலனுக்கு உரிய தெற்கைப் பார்த்து நிற்கிறார்.

இங்கே ஒன்றை மனத்தில் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். உதைபட்ட காலனை இறைவன் பிறகு எழுப்பி, அவன் வேலையை அவனிடமே திரும்பக் கொடுத்தான். பூமி பாரம் தாங்காமல் முறையிட்டாள் என்று புராணம் சொல்லும். சாவே வராது என்று இந்தத் தலம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கயிறு விழுகிற நேரத்தில் கட்டிக்கொள்ள ஒருவன் இருக்கிறான், அந்தக் கயிறு தன் மேலும் விழட்டும் என்று இருக்கிறான் என்பதுதான் இங்கே கிடைக்கிற வாக்கு. துணையை இழந்தவர்கள் "இனி திருக்கடவூரில் நமக்கு என்ன இருக்கிறது" என்று ஒதுங்கிவிடுவது வருத்தமாக இருக்கிறது. மார்க்கண்டேயர் தனியாகத்தான் வந்து லிங்கத்தைத் தழுவினார். பிறந்த நட்சத்திரத்தில் வந்து அர்ச்சனையோ ஆயுஷ் ஹோமமோ செய்துகொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

அபிராமி சந்நிதி தனியாகக் கிழக்குப் பார்த்து இருக்கிறது. அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்டு, நெருப்புக்கு மேல் உறியில் நின்று, ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கயிறு அறுபட அறுபடப் பட்டர் அபிராமி அந்தாதியைப் பாடியதாகச் சொல்வார்கள். 79-ஆம் பாட்டில் அம்மையின் காதணியான தாடங்கம் நிலவாயிற்று. முதல் 78 பாட்டும் வானம் இருட்டாகவே இருந்தபோது பாடியவை. மகனுக்கு வேலை இன்னும் அமையாதவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டு வந்திருப்பவர்கள் அந்த 78-ஐ எண்ணிப் பார்க்க வேண்டும். தை அமாவாசையன்று அந்த நிகழ்ச்சியை விழாவாகச் செய்கிறார்கள். அன்று கூட்டம் மிகுதி, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு சாந்திக்கு வர அது ஏற்ற நாளில்லை.

நேரமிருந்தால் அருகில் திருக்கடவூர் மயானம் போய் வரலாம், அதுவும் தேவாரப் பாடல் பெற்ற தலம். அதே நாளில் நவக்கிரகக் கோயில்களையும் சுற்றிவிடலாம் என்று வண்டி பேச வேண்டாம். விடியற்காலையிலிருந்து புகையிலும் ஈரத்திலும் இருந்த உடம்பு மதியத்துக்குமேல் தாங்காது. சாப்பிட்டுவிட்டு இருவரையும் தூங்க விடுங்கள்.

ஊருக்குத் திரும்பியபின் பணி ஓய்வு பெற்றவரின் காலை நேரம் சட்டென்று காலியாகிவிடும். அந்த நேரத்தை, ஒரு பாட்டின் முடிவுச் சொல்லே அடுத்த பாட்டின் தொடக்கமாகும் அபிராமி அந்தாதிக்குக் கொடுக்கலாம். முழுவதும் ஒரே மூச்சில் படிக்க முயன்று ஒரு வாரத்தில் விட்டுவிடுகிறவர்களே அதிகம். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, காப்பும் நூற்பயனும் சேர்த்து, தம்பதியாக உட்கார்ந்து சொல்லுங்கள். ஒருவர் சொல்லி முடிக்கும் சொல்லிலேயே அடுத்த நாள் மற்றவர் தொடங்கலாம். நூறாவது பாட்டின் கடைசிச் சொல் முதல் பாட்டின் முதல் சொல்லோடு சேர்ந்துகொள்கிறது. நூற்றோராவது காலையில் புத்தகத்தை முன்பக்கத்துக்குத் திருப்பினால் போதும்.