காற்று வந்தது, குளிர் வரவில்லை: மோட்டார்ஹோம் கூரை ஏசியோடு மூன்று நாள்

மதியம் இரண்டரை மணி. வீடுபோல் தங்கிப் பயணிக்கும் எங்கள் மோட்டார்ஹோம் வண்டிக்குள் 36 டிகிரி செல்சியஸ். கூரை ஏசியின் மின்விசிறி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் வந்தது வெறும் காற்று. சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் எழும். ஐந்தாறு விநாடியில் 'டக்' என்ற சத்தத்தோடு அது அடங்கிவிடும். தெர்மோஸ்டாட்டை இன்னும் இறக்கினேன். அணைத்து மறுபடி போட்டேன். ஃபில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். உறுமலும் 'டக்'கும் மாறவில்லை.

ஒரு பழுதுபார்க்கும் கடைக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். "கேஸ் போயிருக்கும், புது யூனிட் மாற்றிவிடுங்கள்" என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது. பார்க்காமலே சொல்லிய அந்தத் தீர்ப்பு எனக்கு உறுத்தியது. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பதில் பல வருடம் கை பழகிய என் அண்ணனை அழைத்தேன்.

"தம்பி, கேஸ் போயிருந்தாலும் அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் ஓடும், குளிர்தான் இருக்காது. நீ சொல்வதைப் பார்த்தால் அது ஓடவே இல்லை. கிளம்பப் பார்க்கிறது, முடியாமல் ஓவர்லோட் காப்பு அதை நிறுத்திவிடுகிறது. கேஸை மறந்துவிட்டு, ஏன் கிளம்பவில்லை என்று பார்."

இந்தப் பேச்சுதான் எனக்கு வழி காட்டியது. கூரை ஏசிகள் பெரும்பாலும் முழுதாக மூடி முத்திரையிட்ட அமைப்பு. காரில் இருப்பதுபோல் கேஸ் ஏற்றும் வாய் அவற்றில் இருக்காது. அதனால்தான் 'கேஸ் போய்விட்டது' என்ற சொல்லுக்கு 'புதிது வாங்கு' என்று பொருளாகிவிடுகிறது. அந்தச் சொல்லை ஏற்பதற்கு முன் கம்ப்ரஸர் ஓடுகிறதா, இல்லையா என்பதை ஒரு முறையாவது காது கொடுத்துக் கேட்டுவிட வேண்டும்.

அடுத்த துப்பைக் கண்டுபிடித்தது என் மனைவி. "என்னங்க, அந்த உறுமல் வரும்போதெல்லாம் விளக்கு மங்குகிறது, பார்த்தீர்களா?" நான் கூரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதைக் கவனிக்கவில்லை.

எங்கள் வண்டி 120 வோல்ட், 30 ஆம்பியர் இணைப்பில் ஓடுவது. மல்டிமீட்டரை உள்ளே இருந்த பிளக்கில் செருகினேன். மின்விசிறி மட்டும் ஓடும்போது 113 வோல்ட். நல்ல அளவுதான், அத்தோடு விட்டிருந்தால் ஏமாந்திருப்பேன். மீட்டரை எடுக்காமல் அடுத்த உறுமலுக்காகக் காத்திருந்தேன். உறுமல் தொடங்கியதும் எண் 86க்குச் சரிந்தது, 'டக்' வந்ததும் மறுபடி 113. பளு இல்லாதபோது பார்க்கும் வோல்ட் எதையும் சொல்வதில்லை. கம்ப்ரஸர் கிளம்பும் கணத்தில் அது ஓடும்போது இழுப்பதைப்போல் நான்கைந்து மடங்கு மின்னோட்டம் இழுக்கும். கம்பியின் பலவீனம் அப்போதுதான் வெளிப்படுகிறது.

எங்கள் பலவீனம் வெளியே தரையில் கிடந்தது. மின்கம்பம் தொலைவில் இருந்ததால், 50 அடி நீளமுள்ள சாதாரண நீட்டிப்புக் கம்பிகள் இரண்டைச் சேர்த்துப் போட்டிருந்தேன். இரண்டும் 14 கேஜ் (கேஜ் எண் கூடக் கூட கம்பி மெல்லியது). அவை இணைந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. பிரித்தபோது பிளக்கின் உலோக முள் ஒன்று கறுத்திருந்தது. இன்னும் சில நாள் அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. 30 ஆம்பியர் தாங்கும் 10 கேஜ் கம்பி ஒன்றை வாங்கி, நடுவில் இணைப்பே இல்லாமல் போட்டேன். அன்று மாலை ஏசியைப் போட்டதும் உறுமல் நீண்டு, சட்டென்று சீரான ஓட்டமாக மாறியது. குளிர்ந்த காற்று வந்தது. பழுது தீர்ந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கினோம்.

மறுநாள் மதியம் மறுபடி 'ம்ம்ம்... டக்.'

இந்த முறை வோல்ட் நன்றாக இருந்தது. கிளம்பும் கணத்திலும் 101க்குக் கீழே போகவில்லை. அப்படியானால் மாலையில் கிளம்பிய கம்ப்ரஸர் மதியத்தில் ஏன் கிளம்பவில்லை? வெப்பம் கூடினால் குளிரூட்டிக் குழாய்களுக்குள் அழுத்தமும் கூடும், கம்ப்ரஸர் அந்த அழுத்தத்தை எதிர்த்துத்தான் சுழலத் தொடங்க வேண்டும் என்று அண்ணன் விளக்கினார். அணைத்த உடனே திரும்பப் போடக்கூடாது, அழுத்தம் சமனாக ஐந்து நிமிடமாவது விட வேண்டும் என்பதும் இதனால்தான். முதல் நாள் நான் பதற்றத்தில் அணைத்து அணைத்துப் போட்டது, கம்ப்ரஸரை இன்னும் திணறடித்திருக்கிறது. ஆக, மாலையில் போதுமாக இருந்த ஓர் உந்துதல் மதியத்துக்குப் போதவில்லை. உந்துதல் தருவது கெபாசிட்டர்.

வெயில் இறங்கிய பிறகு கூரை ஏறினேன். அதற்கு முன் பிரேக்கரை இறக்கி, வெளிக் கம்பியையும் பிடுங்கி, அதன் முனை என் கண்ணில் படும்படி ஏணியடியில் வைத்தேன். ஜெனரேட்டரும் இன்வெர்ட்டரும் தானாகக் கிளம்பாதபடி அணைத்தேன். மேல் மூடியின் திருகுகளைக் கழற்றியதும் பக்கவாட்டுப் பெட்டிக்குள் வெள்ளி நிற உருளையாகக் கெபாசிட்டர் தெரிந்தது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் அதற்குள் மின்னூட்டம் தங்கியிருக்கும். திருப்புளியால் முனைகளைக் குறுக்கே தொட்டுப் பொறி கிளப்புகிறவர்கள் உண்டு. அண்ணன் அதைக் கண்டிப்பாகத் தடுத்தார். காப்புறை உள்ள கம்பிகளில் 20,000 ஓம் மின்தடை ஒன்றைப் பொருத்தி, முனைகளுக்கு இடையே சில விநாடி பிடித்து, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகே கை வைத்தேன். கம்பிகளைப் பிடுங்கும் முன் எந்த நிறம் எந்த முனையில் என்று படமும் எடுத்துக்கொண்டேன்.

அது இரட்டைக் கெபாசிட்டர். ஒரே உருளைக்குள் கம்ப்ரஸருக்கு ஒரு பகுதி, மின்விசிறிக்கு ஒரு பகுதி. மேலே அச்சிட்டிருந்தது 45 மற்றும் 10 மைக்ரோஃபாரட் (கெபாசிட்டரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு). மீட்டர் காட்டியது 33 மற்றும் 9.6. ஆறு சதவீதம் வரை ஏற்ற இறக்கம் அனுமதி என்று உறையிலேயே எழுதியிருந்தது. 45க்கு 42.3 வரை இறங்கலாம், 33 எந்தக் கணக்கிலும் சேராது. மின்விசிறிப் பகுதி நலமாக இருந்ததால்தான் காற்று மட்டும் குறையில்லாமல் வந்துகொண்டிருந்தது. உருளையின் தலை உப்பியிருக்கவில்லை, எண்ணெய் கசியவில்லை. கண்ணால் பார்த்தவர் எவரும் நல்லது என்றுதான் சொல்லியிருப்பார்.

புதிது வாங்கும் முன் கம்ப்ரஸர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடச் சொன்னார் அண்ணன். கம்பிகளைக் கழற்றி அதன் மூன்று முனைகளுக்கும் இடையே மின்தடையை அளந்தேன்: 0.9, 2.6, 3.5 ஓம். சிறிய இரண்டையும் கூட்டினால் பெரியது வர வேண்டும், வந்தது. எந்த முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே தொடர்பு இல்லை. கம்பிச் சுருள் சேதமாகவில்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அதே மைக்ரோஃபாரட் அளவில் கெபாசிட்டர் வாங்கினேன். பழையது 370 வோல்ட், கடையில் கிடைத்தது 440. வோல்ட் தரம் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. மூடியைத் திறந்திருந்த நேரத்தில், வெப்பத்தை வெளியேற்றும் வெளிச்சுருளில் அடைந்திருந்த தூசியையும் காய்ந்த இலைகளையும் மென்மையான தூரிகையால் எடுத்தேன். மடங்கிக் கிடந்த அலுமினிய இதழ்களைச் சீப்பால் நிமிர்த்தினேன். மூன்றாம் நாள் மதியம், கடும் வெயிலில், கம்ப்ரஸர் ஒரு விநாடிகூட உறுமாமல் கிளம்பியது.

ஆனால் வண்டி குளிரவில்லை. பத்து நிமிடம் ஓடும், நின்றுவிடும். உள்ளே 31 டிகிரி இருக்க, ஏசி மட்டும் தன் வேலை முடிந்துவிட்டதாக நினைத்தது. காற்றை உள்ளிழுக்கும் இடத்திலும் வெளிவிடும் இடத்திலும் வெப்பமானி வைத்தேன். வித்தியாசம் 7 டிகிரிதான். 9 முதல் 12 வரையாவது வர வேண்டும்.

உட்கூரைப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் விளங்கியது. குளிர்ந்த காற்று போகும் அறைக்கும், வண்டிக்காற்றை மேலே இழுக்கும் அறைக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. அதன் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. ஒரு மெல்லிய காகிதத் துண்டை அருகே பிடித்தேன், அது உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொண்டது. குளிர்ந்த காற்று வண்டிக்குள்ளே வராமல் நேராக ஏசிக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. வெப்ப உணரியும் அந்த வழியில்தான் இருக்கிறது, அதனால் வண்டி குளிர்ந்துவிட்டதாக ஏமாந்து கம்ப்ரஸரை நிறுத்தியது. இது பழுதே அல்ல, முதலில் பொருத்தியவரின் அவசரம். இத்தனை கோடை அதோடுதான் ஓட்டியிருக்கிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருந்தது. ஓரங்களைத் துடைத்து அலுமினியத் தகடு ஒட்டுநாடாவால் அடைத்தேன். துணி ஒட்டுநாடா இந்தச் சூட்டில் பசை இளகிக் கழன்றுவிடும்.

நான்கு இறுக்கும் போல்ட்டுகளில் இரண்டு தளர்ந்திருந்தன. கூரைக்கும் யூனிட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர் மெத்தை அரை அங்குலத்துக்கு அமுங்கும் வரை, நான்கையும் சுற்றி வந்து சமமாக முடுக்கினேன். அளவு மீறி முடுக்கினால் மெத்தை நசுங்கி மழைநீர் இறங்கும்.

மாலையில் மனைவி கையில் வெப்பமானியைக் கொடுத்து, நான் மீட்டரைப் பார்த்தேன். ஏசி ஓடும்போது 110 வோல்ட், 13 ஆம்பியர். "உள்ளே போவது 29, வெளியே வருவது 18" என்றாள். தேதியோடு நோட்டில் எழுதினேன். பழைய கெபாசிட்டரில் 'இறந்தது, 33' என்று எழுதி, கறுத்த முள் உள்ள கம்பியோடு சேர்த்துக் குப்பைக்கு எடுத்து வைத்தேன்.