மணல் வெள்ளையாக விழ வேண்டும்: செய்முறைத் தேர்வில் இரண்டாம் முறை தேறியவனின் குறிப்புகள்

போன வாரம் ரிசல்ட் வந்தது. தேறிவிட்டேன். டிஜிட்டல் போட்டோகிராபி சான்றிதழ்த் தேர்வு எனக்கு இது இரண்டாவது முறை. முதல் முறை தியரியில் நல்ல மார்க், செய்முறையில் 6 மார்க்கில் போய்விட்டது. அந்த 6 மார்க் ஒரு வருடமாக உறுத்திக்கொண்டே இருந்தது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். தியரியைத் தொடப்போவதில்லை. அபர்ச்சர், ஷட்டர், ஐஎஸ்ஓ தெரியாமல் யாரும் பணம் கட்டியிருக்க மாட்டீர்கள்.

முதல் முறை, செய்முறைத் தேர்வில் காட்டும் ஆல்பத்துக்குத் தனுஷ்கோடி போனேன். 1964 புயலில் மிஞ்சிய தேவாலயச் சுவர், இரண்டு பக்கமும் கடல், நடுவில் வெள்ளை மணல். உச்சி வெயிலில் கேமராத் திரையில் ஒன்றும் தெரியவில்லை. திரை வெளிச்சத்தைக் கடைசி வரை ஏற்றி வைத்தேன். படமெல்லாம் பளிச்சென்று இருந்தது. மனசு நிறைந்து பஸ் ஏறினேன்.

தேர்வு அறைக் கணினியில் திறந்தபோது மணல் நனைந்த சிமெண்ட் மாதிரி கிடந்தது. தேர்வாளர் கேட்டது ஒரே கேள்வி: "அங்கே மணல் இந்த நிறமா தம்பி?" பதில் வரவில்லை. வெளிச்சத்தைத் தூக்கிப் பார்த்தார். சுவரின் நிழலில் புள்ளி புள்ளியாகப் பூத்தது. கேமரா சுருக்கித் தரும் ஜேபெக் மட்டும் வைத்திருந்தேன், பிறகு திருத்த இடம் தரும் ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பு) இல்லை. அவ்வளவுதான்.

காரணம் இதுதான். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே நினைத்துக் கணக்குப் போடும். வெள்ளை மணலைக் காட்டினால் இருட்டாக்கிச் சாம்பலாக்கும். தார் பூசிய வள்ளத்தைக் காட்டினால் வெளுப்பாக்கிச் சாம்பலாக்கும். இது எனக்குப் பாடமாகத் தெரியும், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனால் பளிச்சென்ற திரை அந்தத் தப்பை என் கண்ணில் படாமல் மறைத்துவிட்டது. நம் கடற்கரையில் படமெடுப்பவர்களுக்கு நான் சொல்வது முதலும் கடைசியும் இதுதான்: திரையை நம்பாதீர்கள், ஹிஸ்டோகிராமை (படத்தில் இருட்டு இடது பக்கமும் வெளிச்சம் வலது பக்கமுமாக எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) நம்புங்கள்.

இரண்டாம் முறை மாற்றியவை:

திரை வெளிச்சம் நடுவில். மணல் நிறைந்த படத்துக்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் (மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் அமைப்பு) +1 ஸ்டாப், சில நேரம் +1.3. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. கருத்த வள்ளம் ஃபிரேமை நிறைத்தால் -1. வெளுத்துப்போன இடம் மின்னிக் காட்டும் எச்சரிக்கை எப்போதும் ஆனில். அலை நுரையில் அங்கங்கே மின்னினால் பரவாயில்லை, மேகம் முழுக்க மின்னினால் குறைக்க வேண்டும். ரா கட்டாயம். சந்தேகம் வந்தால் பழைய கணக்கு: நல்ல வெயிலில் அபர்ச்சர் எஃப் 16, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 பக்கம். மீட்டர் இதிலிருந்து ரொம்ப விலகினால் ஏன் என்று யோசியுங்கள்.

அப்புறம் ஒரு கறுப்புத் துண்டு. தலையோடு கேமராவையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு ஹிஸ்டோகிராம் பார்ப்பேன். வலது ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் மேடு நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

இந்த முறை ஊர் சுற்றவில்லை. எனக்கு ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் படம் வரும். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களை மட்டும் எடுத்தேன், நான்கு வாரம். முதல் வாரம் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்குவார்கள். கரையேறியதும் அந்தத் துணியை அவிழ்ப்பார்கள், உள்ளே விரல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். என் ஆல்பத்தின் முதல் படம் அந்தக் கைதான்.

முகம் எடுப்பதுதான் பெரிய பாடு. பின்னால் கடல் பளபளக்கும், முகம் கருத்துவிடும். ஒரு அக்கா பார்த்துவிட்டு, "என்னப்பா, என் மூஞ்சியே காணோம்?" என்றார். மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டியின் மூடி பக்கத்தில் கிடந்தது. அவர் மகளிடம் கொடுத்துக் கீழிருந்து முகத்துக்கு வெயிலைத் திருப்பச் சொன்னேன். கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு வந்து உட்கார்ந்தது. ரிஃப்ளெக்டருக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

மற்றவை, வேகமாக:

- காலை 6 முதல் 8 வரை, மாலை 4.30க்கு மேல். நடுப்பகலில் எடுக்கத்தான் வேண்டுமென்றால் மேலிருந்து, நிழலையே படமாக்குங்கள்.
- தொடுவானம் சாய்ந்தால் மார்க் போகும். ஃபிரேமில் கட்டக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.
- பெண் கடல் (பாக் நீரிணை) பக்கம் தண்ணீர் அமைதி, பிரதிபலிப்பு கிடைக்கும். அலை வேண்டுமென்றால் ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் போங்கள்.
- போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) சூரியனுக்குப் பக்கவாட்டில்தான் நன்றாக வேலை செய்யும். அகல லென்ஸில் வானம் திட்டுத் திட்டாக விழும், கவனம்.
- பறவை, வீச்சு வலை: ஷட்டர் வேகம் 1/1000க்குக் குறையாதீர்கள்.
- காற்றில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். உப்புத் தூறலை உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். முதலில் ஊதுங்கள், பிறகு லேசாக ஈரத் துணி.
- டிரைபாடின் கால்களை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். என்னுடையது ஒன்று உப்பு ஏறி இறுகிப்போய் மடங்கவே இல்லை.
- புதிய பாம்பன் பாலம் 2025இல் திறந்ததிலிருந்து ஆல்பத்துக்கு ஆல்பம் அதுதான். எடுப்பதாக இருந்தால் பாலத்தோடு ஒரு மனிதரையும் எடுங்கள்.

வைவாவில் (நேர்முகக் கேள்வித் தேர்வில்) இந்த முறையும் மணலைப் பற்றித்தான் கேட்டார்கள். எத்தனை ஸ்டாப் கூட்டினாய், ஏன் என்று. சொன்னேன். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள்.

எடுத்தவர்களுக்குப் பிரிண்ட் கொடுங்கள், வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருக்காதீர்கள். அக்காவின் படம் எட்டுக்குப் பன்னிரண்டில் தயாராக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சின்னப்பாலம் போகிறேன்.